ஆங்கிலத்தில் வரைபட விவரிப்பு

ஆங்கிலத்தில் வரைபட விவரிப்பு என்பது அட்டவணை, கோட்டு வரைபடம், பட்டை விளக்கப்படம், வட்ட விளக்கப்படம் முதலியவற்றில் தரப்பட்டுள்ள எண்சார் தகவல்களை ஆங்கில உரைநடையில் எடுத்துரைக்கும் எழுத்துவகை ஆகும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவோ அயல்மொழியாகவோ கற்போருக்கான பாடத்திட்டங்களில் இது தனிப் பயிற்சியாக இடம்பெறுகிறது. ஆய்வேடு, ஆண்டறிக்கை, செய்திக் கட்டுரை ஆகியவற்றிலும் இவ்வகை எழுத்து தேவைப்படுகிறது.

கற்போர் பலர் இதனை ஒரு சொல்வளப் பயிற்சியாகவே கருதி, உயர்வையும் தாழ்வையும் குறிக்கும் வினைச்சொற்களைப் பட்டியலிட்டு மனனம் செய்கின்றனர். ஆனால் பிழைகள் மிகுதியாக நேர்வது வேறு இரண்டு இடங்களில் ஆகும். ஒன்று, தரவிலிருந்து எதைச் சொல்வது, எதை விடுவது என்னும் தெரிவு. மற்றொன்று, எண்ணுக்கு முன்னும் பின்னும் வரும் சிறு சொற்கள். இவ்விரண்டிலும் தவறினால், இலக்கணப் பிழையே இல்லாத வாக்கியம்கூடத் தரவு கூறாத ஒன்றைக் கூறிவிடும்.

பின்னணி

எண்களைப் படமாக வரையும் வழக்கம் பரவலாவதற்கு வழிகோலியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் ஆவார். 1786 இல் இலண்டனில் வெளியான அவரது நூலில் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதி ஆகியன கோட்டு வரைபடங்களாகத் தரப்பட்டிருந்தன. ஸ்காட்லாந்துக்கு ஓராண்டுத் தரவு மட்டுமே கிடைத்தமையால் கோடு வரைய இயலாது, அதனைப் பட்டைகளாக வரைந்தார். பட்டை விளக்கப்படம் இவ்வாறு தரவுப் பற்றாக்குறையால் தோன்றியது என்பது சுவையான செய்தி. வட்ட விளக்கப்படம் 1801 இல் வெளியான அவரது மற்றொரு நூலில் இடம்பெற்றது.

மொழி கற்பித்தலில் வரைபடம் முக்கியத்துவம் பெற்றது 1970களில் ஆகும். அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கான சிறப்புநோக்க ஆங்கிலம் அப்போது வளர்ந்து வந்தது. ஹென்றி விடோசன் போன்ற மொழியியலாளர்கள், படத்தில் உள்ளதை உரையாகவும் உரையில் உள்ளதைப் படமாகவும் மாற்றும் பயிற்சியைத் 'தகவல் மாற்றம்' என்னும் பெயரில் முன்வைத்தனர். பின்னர் ஜான் சுவேல்ஸ், கிறிஸ்டின் ஃபீக் ஆகியோர் உயர்கல்வி மாணவர்களுக்காக எழுதி 1994 இல் வெளிவந்த பாடநூலில் 'தரவு விளக்கவுரை' என ஒரு தனி அலகே அமைக்கப்பட்டது. தரவு எங்குள்ளது என்று சுட்டுதல், முதன்மையான செய்தியை எடுத்துக்காட்டுதல், அதன் பொருளையும் விதிவிலக்குகளையும் ஆராய்தல் என்னும் அவர்களது ஒழுங்கு இன்றும் ஆய்வேடு எழுதுவோருக்குப் பயன்படுகிறது.

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில்

உலக அளவில் இவ்வெழுத்துவகையை மிகப் பலர் அறியக் காரணம் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு எனலாம். 1980 இல் தொடங்கப்பட்ட ஒரு முன்னோடித் தேர்வுக்கு மாற்றாக 1989 இல் இது அறிமுகமானது. இதன் கல்விசார் பிரிவில், எழுத்துத் தாளின் முதல் பணியாக ஒரு வரைபடமோ அட்டவணையோ செய்முறைப் படமோ நிலப்படமோ தரப்படும். அதனைக் குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும். பரிந்துரைக்கப்படும் நேரம் 20 நிமிடங்கள். இரண்டாம் பணியான கட்டுரைக்கு இதைப்போல் இரு மடங்கு மதிப்பு உண்டு. பொதுப் பயிற்சிப் பிரிவினருக்கு வரைபடத்திற்குப் பதிலாகக் கடிதம் தரப்படுகிறது.

மதிப்பீடு நான்கு அடிப்படைகளில் அமைகிறது. கேட்டதை நிறைவேற்றிய அளவு, கருத்துத் தொடர்ச்சி, சொல்வளம், இலக்கணம் ஆகிய நான்கிற்கும் சம மதிப்பு. தேர்வின் பட்டைநிலை விளக்கங்களில் கவனிக்கத்தக்க ஒரு கோடு ஐந்தாம் நிலைக்கும் ஆறாம் நிலைக்கும் இடையே உள்ளது. விவரங்களை இயந்திரத்தனமாக ஒப்பித்து, முழுநோக்கு தெளிவாக இல்லாத விடை, முதல் அடிப்படையில் ஐந்தில் நின்றுவிடுகிறது. தகவல்களைத் தெரிந்தெடுத்து ஒரு முழுநோக்கைத் தரும் விடையே ஆறைத் தொடுகிறது.

இந்த அரை, ஒரு நிலை வேறுபாடு பலருக்கு வாழ்க்கைச் சிக்கலாகும். எடுத்துக்காட்டாக, ஐக்கிய இராச்சியத்தின் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் மன்றம் வெளிநாட்டுச் செவிலியரிடம் எழுத்துத் தாளில் 7 என்னும் நிலையைக் கோரிவந்தது. பிற மூன்று திறன்களில் தேறியவர்களும் எழுத்தில் 6.5 பெற்றுத் தடைப்பட்டனர். 2018 திசம்பரில் எழுத்துக்கான தேவை மட்டும் 6.5 ஆகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களிலிருந்து செல்லும் செவிலியர் பலரும் இத்தேர்வை எழுதுவோரே.

முழுநோக்கு

முழுநோக்கு என்பது வரைபடத்தைச் சில நொடிகள் மட்டும் கண்ட ஒருவர் நினைவில் வைத்திருக்கக்கூடிய செய்தியாகும். இதில் எண்கள் பொதுவாக இடம்பெறுவதில்லை. எது பெரிது, எது சிறிது, மொத்தத்தில் ஏறியதா இறங்கியதா, எது மட்டும் மற்றவற்றினின்று மாறுபட்டது என்பனவே இடம்பெறும். ஒன்றிரண்டு வாக்கியங்களில் இதைக் கூறி, அதன் பின்னரே எண்களுக்குச் செல்வது வழக்கம்.

இது எளிதாகத் தோன்றினும், கற்போருக்குக் கடினமான பகுதி இதுவே. எல்லா எண்களையும் எழுதினால் எதுவும் விடுபடாது என்னும் அச்சம் இயல்பானது. ஏழு ஆண்டுகள், இரு கோடுகள் எனில் பதினான்கு எண்கள். அவற்றை வரிசையாக எழுதினாலே 150 சொற்கள் நிரம்பிவிடும். ஆனால் படிப்பவருக்கு மிஞ்சுவது, வாக்கியமாக நீட்டப்பட்ட ஓர் அட்டவணை மட்டுமே. அட்டவணையே அதைவிடத் தெளிவானது.

ஓர் எடுத்துக்காட்டு

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் தரும் எழுத்தறிவு வீதம் இதற்குப் பொருத்தமான தரவாகும். கீழுள்ளவை விழுக்காடுகள், ஒரு தசம இடத்திற்கு முழுமையாக்கப்பட்டவை.

1951: ஆண்கள் 27.2, பெண்கள் 8.9
1961: ஆண்கள் 40.4, பெண்கள் 15.4
1971: ஆண்கள் 46.0, பெண்கள் 22.0
1981: ஆண்கள் 56.4, பெண்கள் 29.8
1991: ஆண்கள் 64.1, பெண்கள் 39.3
2001: ஆண்கள் 75.3, பெண்கள் 53.7
2011: ஆண்கள் 80.9, பெண்கள் 64.6

இத்தரவைக் கொண்டு எழுதக்கூடிய சில வாக்கியங்களை நோக்குவோம். 'பெண்களின் எழுத்தறிவு அறுபது ஆண்டுகளில் ஏழு மடங்கிற்கும் மேலானது. ஆண்களுடையது ஏறத்தாழ மும்மடங்கே ஆனது.' இது சரி. 'பெண்களின் வீதம் 55.7 புள்ளிகளும் ஆண்களின் வீதம் 53.7 புள்ளிகளும் உயர்ந்தன. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு.' இதுவும் சரி. 'இருபாலருக்கும் இடையிலான இடைவெளி 1951 இல் 18.3 புள்ளிகள், 2011 இல் 16.3 புள்ளிகள், அறுபது ஆண்டுகளில் அது இரண்டு புள்ளிகளே குறைந்துள்ளது.' இதுவும் சரியே. ஆனால் முதல் வாக்கியத்தை மட்டும் படிப்பவர் பெண்கள் ஆண்களை விரைந்து எட்டிவிட்டனர் என எண்ணுவார். மூன்றாவதை மட்டும் படிப்பவர் எதுவுமே மாறவில்லை என எண்ணுவார்.

முதல் வாக்கியத்தின் வியப்பு பெரும்பாலும் தொடக்க எண்ணின் சிறுமையால் வருவது. 8.9 என்னும் அடியிலிருந்து ஏழு மடங்காக வளரலாம், 27.2 இலிருந்து ஏழு மடங்காக வளர்ந்தால் நூறு விழுக்காட்டைத் தாண்டிவிடும். மூன்றாவது வாக்கியமோ இரு முனைகளை மட்டும் பார்த்து நடுவை விட்டுவிடுகிறது. இடைவெளி 1961 இல் 25 புள்ளிகளாக விரிந்து, 1971 இல் சற்றுச் சுருங்கி, 1981 இல் 26.6 என்னும் உச்சத்தை அடைந்தது. அதன் பின்னரே தொடர்ந்து சுருங்கியது. ஆகவே நேர்மையான முழுநோக்கு இவ்வாறு அமையும்: இருபாலரின் எழுத்தறிவும் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் உயர்ந்தது, பெண்களின் வீதம் எப்போதும் ஆண்களைவிடக் கீழேயே இருந்தது, இடைவெளி முதலில் விரிந்து, 1981க்குப் பிறகே குறையத் தொடங்கியது.

வரைபடத்தை மேலிருந்து கீழாக மட்டுமன்றி இடமிருந்து வலமாகவும் படிக்கலாம். 2011 இல் பெண்கள் அடைந்த 64.6 என்னும் வீதம், 1991 இல் ஆண்கள் அடைந்திருந்த 64.1க்கு மிக அருகில் உள்ளது. அதாவது பெண்கள் இருபது ஆண்டுகள் பின்தங்கியிருந்தனர். புள்ளிகளில் கூறுவதைவிட ஆண்டுகளில் கூறும் இவ்விவரிப்பு, படிப்பவர் மனத்தில் எளிதில் பதிகிறது.

இத்தரவுக்கு ஓர் அடிக்குறிப்பும் உண்டு. 1951, 1961, 1971 ஆகிய ஆண்டுகளின் வீதங்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரைக் குறிப்பன; 1981 முதல் ஏழு வயதுக்கு மேற்பட்டோரைக் குறிப்பன. மேலும் 1981 கணக்கில் அசாமும் 1991 கணக்கில் ஜம்மு காஷ்மீரும் இல்லை. எழுத்தறிவு பெறும் வயதை எட்டாத சிறுவர்கள் கணக்கிலிருந்து நீங்கினால் வீதம் சற்று உயரும் என்பது வெளிப்படை. எனவே 1971க்கும் 1981க்கும் இடையிலான உயர்வு முழுவதையும் உண்மையான உயர்வு எனக் கொள்ள இயலாது. கற்போர் பெரும்பாலும் படிக்காமல் விடும் பகுதி, வரைபடத்தின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள இத்தகைய குறிப்பே.

விழுக்காடும் விழுக்காட்டுப் புள்ளியும்

வங்கி வட்டி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தால், அவ்வுயர்வு 2 விழுக்காடு அன்று. 2 விழுக்காட்டுப் புள்ளி ஆகும். விழுக்காட்டில் கூறினால் அது ஏறத்தாழ 33 விழுக்காட்டு உயர்வு. ஆங்கிலத்தில் முன்னதற்குப் 'பெர்சென்டேஜ் பாயின்ட்' என்றும் பின்னதற்குப் 'பெர்சென்ட்' என்றும் கூற வேண்டும். நாளிதழ்களிலேயே இவ்விரண்டும் குழப்பப்படுவதைக் காணலாம். வட்டிவீதம், வேலையின்மை, வாக்குப்பதிவு, தேர்ச்சி வீதம் என ஏற்கனவே விழுக்காட்டில் உள்ள எதைப் பற்றி எழுதும்போதும் இவ்வேறுபாடு எழும்.

மடங்கு பற்றிய குழப்பமும் இதை ஒத்தது. 'த்ரீ டைம்ஸ் அஸ் மெனி அஸ்' என்றால் மூன்று மடங்கு என்பதில் ஐயமில்லை. 'த்ரீ டைம்ஸ் மோர் தேன்' என்பதைச் சிலர் மூன்று மடங்கு என்றும் சிலர் நான்கு மடங்கு என்றும் கொள்கின்றனர். ஐயத்திற்கு இடமில்லாத முதல் வடிவத்தையோ, 'ட்ரிபிள்ட்' என்னும் வினையையோ பயன்படுத்துவது நன்று.

எண்ணுக்கு முன் வரும் சிறு சொற்கள்

'ரோஸ் பை 20' என்றால் 20 கூடியது என்று பொருள். 'ரோஸ் டு 20' என்றால் கூடி 20 ஆனது என்று பொருள். முன்னையது மாற்றத்தின் அளவு. பின்னையது மாற்றத்தின் முடிவு. தமிழில் இவ்வேறுபாட்டை 'ஆக' என்னும் சொல்லுருபே காட்டுகிறது. '20 விழுக்காடு உயர்ந்தது', '20 விழுக்காடாக உயர்ந்தது' ஆகிய இரண்டும் ஒன்றல்ல என்பது தமிழ் மாணவர் எவருக்கும் தெரியும். எனினும் ஆங்கிலத்தில் எழுதும்போது அதே மாணவர் 'பை', 'டு' இரண்டையும் மாற்றி எழுதுவதுண்டு. தாய்மொழியில் ஏற்கனவே உள்ள வேறுபாட்டை நினைவூட்டினால் இப்பிழை எளிதில் நீங்கும்.

பெயர்ச்சொல் வடிவில் எழுதும்போது சொற்கள் மாறுகின்றன. 'என் இன்கிரீஸ் ஆஃப் 20 பெர்சென்ட்' என அளவுக்கு 'ஆஃப்' வருகிறது. உயர்ந்த பொருளைக் குறிக்க 'என் இன்கிரீஸ் இன் எக்ஸ்போர்ட்ஸ்' என 'இன்' வருகிறது. மாறாமல் நின்ற எண்ணுக்கு 'ஸ்டுட் அட் 20', உச்சத்திற்குப் 'பீக்ட் அட் 80' என 'அட்' வருகிறது. தொடக்கமும் முடிவும் சேர்ந்து வரும்போது 'ஃப்ரம்', 'டு' என்னும் இணை பயன்படுகிறது. இவற்றைத் தனித்தனியே மனனம் செய்வதைவிட, ஒரே தரவைக் கொண்டு வினை வடிவிலும் பெயர் வடிவிலும் மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பது பயன் தரும்.

வினைச்சொற்கள்

ஆங்கிலத்தில் 'ரைஸ்', 'ரெய்ஸ்' ஆகிய இரண்டும் தன்வினை, பிறவினை இணையாகும். விலை தானே உயர்ந்தால் முன்னது. ஒருவர் விலையை உயர்த்தினால் பின்னது. தமிழின் உயர்ந்தது, உயர்த்தியது என்னும் இணைக்கு இது நேரானது. வரைபட விவரிப்பில் பெரும்பாலும் தன்வினையே தேவைப்படும். கோட்டை யார் உயர்த்தினார் என்பது படத்தில் இல்லையல்லவா?

மாற்றத்தை வருணிக்கும் அடைகளில் இரு வகை உண்டு. 'ஸ்லைட்லி' என்பது மாற்றத்தின் அளவு சிறிது என்று கூறுகிறது. 'கிராஜுவலி' என்பது மாற்றம் மெல்ல நிகழ்ந்தது என்று கூறுகிறது. மெல்ல நிகழ்ந்த மாற்றம் மிகப் பெரியதாகவும் இருக்கலாம். மேலே கண்ட பெண்களின் எழுத்தறிவு அத்தகையது. அளவையும் விரைவையும் பிரித்தறியாது இச்சொற்களை ஒன்றுக்கொன்று பதிலாக எழுதுவது பரவலான பிழை. 'ஸ்டெடி' என்னும் சொல்லும் இடத்திற்கேற்பப் பொருள் மாறும். 'எ ஸ்டெடி ரைஸ்' என்பது சீரான உயர்வு. 'ரிமெய்ன்ட் ஸ்டெடி' என்பது மாறாத நிலை.

'ராக்கெட்டட்', 'பிளம்மெட்டட்' போன்ற மிகைச் சொற்கள் பயிற்சிக் குறிப்பேடுகளில் பெருமளவில் காணப்படுகின்றன. 64 இலிருந்து 66 ஆன எண்ணுக்கு இவற்றைப் பயன்படுத்துவது நகைப்புக்கு இடமாகும். மேலும் செங்குத்து அச்சு சுழியத்தில் தொடங்காத படத்தில் சிறு மாற்றமும் பெரும் பாய்ச்சலாகத் தோன்றும். கோட்டின் சாய்வைப் பார்த்து வினைச்சொல்லைத் தேர்வதற்கு முன் அச்சின் எண்களைப் பார்ப்பது இன்றியமையாதது.

எது உயர்ந்தது?

'ஜப்பான் இன்கிரீஸ்ட்' என எழுதினால் ஜப்பான் நாடே வளர்ந்தது எனப் பொருள்படும். உயர்ந்தது ஜப்பானின் ஏற்றுமதியோ முதியோர் விகிதமோ ஆகும். தமிழ்ப் பேச்சுவழக்கில் 'தங்கம் ஏறிவிட்டது' என்றால் விலையே குறிக்கப்படுகிறது என்பது யாவர்க்கும் விளங்கும். ஆங்கில எழுத்துநடையில் அளவிடப்பட்ட பொருளைப் பெயரிட்டே கூற வேண்டும். எண்ணக்கூடியவற்றுக்கு 'நம்பர் ஆஃப்', நீர், மின்சாரம், பணம் போன்ற எண்ண இயலாதவற்றுக்கு 'அமவுண்ட் ஆஃப்', மொத்தத்தில் ஒரு பங்குக்குப் 'புரொப்போர்ஷன் ஆஃப்' என்பன வழக்கம். ஒரு பிரிவின் எண்ணிக்கை உயர்ந்தபோதும் அதன் பங்கு குறையலாம் ஆதலால் இவற்றை மாற்றி எழுதினால் பொருளே தலைகீழாகும்.

வட்ட விளக்கப்படத்தில் இதற்கு நேர்மாறான பிழை நேர்கிறது. ஒரே ஓர் ஆண்டின் பங்கீட்டைக் காட்டும் வட்டத்தில் எதுவும் உயர்வதுமில்லை, தாழ்வதுமில்லை. அங்கு ஒப்பீட்டுச் சொற்களே பொருந்தும். ஆயினும் மனனம் செய்த வினைச்சொற்களை எங்காவது இறக்கிவைக்கும் ஆவலில் வீட்டு வாடகைக்கான பங்கு 'உயர்ந்ததாக' எழுதுவோர் உளர்.

காலம்

வரைபடம் இப்போதும் கண்முன் இருப்பதால் அது 'ஷோஸ்' என நிகழ்காலத்தில் காட்டுகிறது. அதில் உள்ள நிகழ்வுகள் முடிந்துபோன ஆண்டுகளுக்கு உரியன எனில் இறந்தகாலம் வேண்டும். ஒரே பத்தியில் இவ்விரண்டும் அருகருகே வருவதே கற்போரைத் தடுமாறச் செய்கிறது. 'சின்ஸ் 1981' எனத் தொடங்கி இன்றுவரை நீளும் மாற்றத்துக்கு 'ஹேஸ் ரிசன்' என்னும் வடிவம் வரும். தமிழின் 'உயர்ந்துள்ளது' இதற்கு ஏறக்குறைய ஒத்தது. எதிர்கால ஆண்டுகளுக்கான மதிப்பீட்டை 'வில்' என உறுதியாகக் கூறாமல் 'இஸ் புரொஜெக்டட் டு' எனக் கூறுவது முறை.

இலட்சமும் மில்லியனும்

தெற்காசிய மாணவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று எண்முறை சார்ந்தது. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகை இந்திய முறையில் 1,21,08,54,977 எனவும் பன்னாட்டு முறையில் 1,210,854,977 எனவும் எழுதப்படும். முன்னதை 121 கோடி என்றும் பின்னதை 1.21 பில்லியன் என்றும் படிக்கிறோம். இலட்சம், கோடி ஆகியன இந்திய ஆங்கிலத்தில் வழங்கினும், பன்னாட்டுத் தேர்விலோ ஆய்விதழிலோ பயன்படா. பத்து இலட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அச்சின் ஓரத்தில் 'ஆயிரங்களில்' என்று குறித்திருப்பதைக் கவனியாமல் 350,000 பேரை 350 பேர் என எழுதிவிடுவதும் அடிக்கடி நேர்வதே.

எண்களை எப்போதும் துல்லியமாக எழுத வேண்டியதில்லை. 24.8 என்பதைக் கால்பங்கு எனவும், 66.2 என்பதை ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு எனவும் கூறுவது படிப்பவருக்கு எளிது. 'ஜஸ்ட் அண்டர்', 'ரஃப்லி', 'ஜஸ்ட் ஓவர்' ஆகியன இதற்கு உதவுகின்றன. இவற்றில் முதலாவது உண்மையான எண் கீழே உள்ளது என்றும் கடைசியானது மேலே உள்ளது என்றும் கூறுவன. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வராது.

காரணம் கூறல்

மேற்கண்ட எழுத்தறிவுத் தரவில் 1991 முதல் 2001 வரையான பத்தாண்டில் பெண்களின் வீதம் 14.4 புள்ளிகள் உயர்ந்தது. வேறெந்தப் பத்தாண்டிலும் இவ்வளவு உயர்வு இல்லை. இதைக் கண்டதும் அரசுத் திட்டங்கள், குடும்ப வருமானம், பள்ளிகளின் எண்ணிக்கை எனக் காரணம் தேடத் தோன்றும். ஆனால் தரவில் இருப்பது உயர்வு மட்டுமே. ஐ.இ.எல்.டி.எஸ். முதல் பணியில் காரணமோ சொந்தக் கருத்தோ கேட்கப்படுவதில்லை. எழுதினால் அது பணிக்குப் புறம்பானது.

ஆய்வேட்டில் நிலைமை வேறு. அங்கு தரவைக் காட்டிவிட்டுக் காரணம் பற்றிப் பேசாது விடுவதுதான் குறை. ஆனால் உறுதியின் அளவைச் சொற்கள் காட்ட வேண்டும். 'புரூவ்ஸ்' என்பது மெய்ப்பித்துவிட்டதாகக் கூறும் சொல். 'இண்டிகேட்ஸ்' சற்று மென்மையானது. 'சஜெஸ்ட்ஸ்' அதனினும் மென்மையானது. 'மே' சேர்ந்தால் இன்னும் தளரும். 'வாஸ் அசோசியேட்டட் வித்' என்பது இரண்டும் சேர்ந்து நிகழ்ந்தன என்று மட்டும் கூறுகிறது. 'வாஸ் காஸ்ட் பை' என்பது ஒன்று மற்றொன்றை விளைவித்தது என்று கூறுகிறது. மருத்துவ ஆய்வொன்றில் இச்சொற்களை மாற்றி எழுதினால் விளைவு மொழிப்பிழையோடு நின்றுவிடாது.

ஆயத்த வாக்கியங்கள்

எல்லா வரைபடங்களுக்கும் பொருந்தும் எனக் கூறப்படும் ஆயத்த வாக்கியங்களைப் பல பயிற்சி மையங்கள் வழங்குகின்றன. எந்தப் படத்துக்கும் பொருந்தும் வாக்கியம் எந்தப் படத்தைப் பற்றியும் எதுவும் கூறாது. வினாத்தாளில் உள்ள சொற்றொடரை அப்படியே பெயர்த்தெழுதுவதாலும் பயனில்லை. எனினும் தொடக்கநிலை மாணவருக்கு ஒரு சட்டகம் தேவை என்பதை மறுக்க இயலாது. அறிமுகம், முழுநோக்கு, விவரம் என்னும் வரிசையைத் தருவது உதவி. வாக்கியங்களையே தருவது அவ்வாறன்று.

பிற படங்கள், பிற தேர்வுகள்

செய்முறைப் படத்தில் செய்பவரைவிடச் செய்யப்படும் பொருளே முதன்மை பெறுவதால் செயப்பாட்டுவினை மிகுதியாக வரும். ஓர் ஊரின் பழைய, புதிய நிலப்படங்களை ஒப்பிடும்போது திசைச் சொற்களும் மாற்றத்தைக் குறிக்கும் வினைகளும் தேவைப்படும்.

2009 இல் தொடங்கிய பி.டி.இ. கல்விசார் தேர்வில் வரைபடத்தை எழுதாமல் வாயால் விவரிக்க வேண்டும். படத்தைப் பார்க்க 25 நொடிகளும் பேச 40 நொடிகளும் தரப்படும். இதில் எல்லா எண்களையும் கூற நேரமே இராது. இந்தியாவில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் வரைபடம், விளக்கப்படம் அல்லது நிலப்படம் கொண்டு 100 முதல் 120 சொற்களில் பகுப்பாய்வுப் பத்தி எழுதும் வினா சேர்க்கப்பட்டது. இலங்கையில் க.பொ.த. சாதாரண தர ஆங்கில வினாத்தாளிலும் பட்டை அல்லது வட்ட விளக்கப்படத்தை விவரிக்கும் வினா கேட்கப்படுவதுண்டு.

பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருள்கள் படத்தைப் படிக்க இயலாதபோது அதற்கு ஈடாக எழுதப்பட்ட விவரிப்பைப் படிக்கின்றன. அங்கு விவரிப்பைச் சரிபார்க்கப் படிப்பவரிடம் வரைபடம் இல்லை. எனவே படத்தின் வகை, அச்சுகள், அலகு, முதன்மைச் செய்தி ஆகியவற்றை முதலில் கூறி, முழு எண்களைத் தனி அட்டவணையாகத் தருவது பரிந்துரைக்கப்படுகிறது.